பெயர்தான் நூறு, கை செய்வது ஏழெட்டுதான்: மசாஜ் வகைகள், புதியவர்களுக்காக

மசாஜ் செய்துகொள்ளலாம் என்று ஒருவழியாக முடிவெடுத்து, பட்டியலைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அங்கேயே திகைத்துப்போகிறார்கள். ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், ஷியாட்சு, அப்யங்கம், ரிஃப்ளெக்ஸாலஜி, லோமி லோமி, ஹாட் ஸ்டோன் என்று நீண்டுகொண்டே போகும். எது வலிக்கும், எதில் எண்ணெய் உண்டு, எதில் உடுத்திய துணியோடே படுக்கலாம், ஒன்றும் புரியாது. கடைசியில் நண்பர் சொன்னதையோ முதலில் கண்ணில் பட்டதையோ எடுத்துக்கொள்கிறார்கள், அது ஒத்துவராமல் போனால் "எனக்கு மசாஜே சரிப்படாது" என்று மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் அவர்களுக்கு ஒத்துவராதது பெரும்பாலும் ஒரு வகைதான், அந்த வகையின் அழுத்தமோ வேகமோதான்.

சரி, முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் எத்தனை இருந்தாலும், ஒரு கையால் இன்னொரு உடம்பின் மேல் செய்ய முடிந்த காரியங்கள் கொஞ்சம்தான். நீவலாம், பிசையலாம், தேய்க்கலாம், அழுத்தலாம், தட்டலாம், இழுக்கலாம், உதறி அசைக்கலாம். சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடும் முறைக்குத் தொக்கணம் என்று பெயர். அதில் ஒன்பது விதம் சொல்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யோகான் மெட்ஸ்கர் என்ற மருத்துவரின் வழியில் வந்த வகைப்பாடு ஒன்று இருக்கிறது. நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிரச் செய்தல் என்று ஐந்து, எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுப் பெயர். இன்றும் மசாஜ் படிக்கிறவர்கள் முதல் பாடமாக இந்த ஐந்தைத்தான் படிக்கிறார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு ஒட்டிப்போகின்றன! எங்கே போனாலும் தசையும் அதேதான், கையும் அதேதான்.

அப்படியானால் வகைக்கு வகை மாறுவது என்ன? எவ்வளவு ஆழமாக அழுத்துகிறார்கள், எவ்வளவு மெதுவாகச் செய்கிறார்கள், எண்ணெய் போட்டு வெறும் தோலில் செய்கிறார்களா துணிமேல் செய்கிறார்களா, நீங்கள் சும்மா படுத்திருக்கலாமா அல்லது உங்கள் கை கால்களை அவர்கள் மடக்கி நீட்டுவார்களா. இந்த நான்கையும் கேட்டுவிட்டால் எந்தப் பெயரும் உங்களை மிரட்டாது. இனி வரும் வகைகளையும் இந்த நான்கு கேள்வியோடே படியுங்கள்.

தொட்டால் ஏன் சுகமாக இருக்கிறது

வகைகளுக்குள் போகும்முன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இது தெரியாததால்தான் பலர் தவறான வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மசாஜ் என்றால் இறுகிய தசையை மாவு பிசைவது போலப் பிசைந்து இளக்குவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் தசையைவிட நரம்பு மண்டலத்தோடுதான் அந்தக் கை அதிகம் பேசுகிறது.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே மறு கை போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது, இல்லையா? தேய்த்ததும் வலி கொஞ்சம் அடங்குகிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் நரம்புகள் வேகமானவை. அவை தண்டுவடத்தில் போய்ச் சேரும்போது, வலியைக் கொண்டுவரும் மெல்லிய நரம்புகளின் செய்திக்கு அங்கே வழி குறுகிவிடுகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-ல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதன் நுணுக்கங்களைத் திருத்தியிருந்தாலும் அடிப்படை யோசனை நிலைத்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. நம் தோலில், ரோமம் உள்ள பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தோலை நீவினால்தான் அவை நன்றாகத் தூண்டப்படும். அதைவிட வேகமாகத் தேய்த்தாலும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, அசையாமல் வைத்திருந்தாலும் கண்டுகொள்ளாது. அழுகிற குழந்தையின் முதுகை நாம் தானாக எந்த வேகத்தில் தடவிக்கொடுக்கிறோமோ கிட்டத்தட்ட அந்த வேகம். அவசரமாகச் செய்யப்படும் மசாஜ் எவ்வளவு நேரம் நீடித்தாலும் திருப்தி தராமல் போவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அழுத்தமும் அப்படித்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம் என்று 10 நாள் மசாஜ் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 1986-ல் வெளியானது. அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் அவர் குழுவினரும் செய்தது. மசாஜ் பெற்ற குழந்தைகளின் எடை, பெறாதவர்களைவிட 47 சதவீதம் அதிக வேகத்தில் கூடியது. பின்னால் அதே குழு அழுத்தத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, பூப்போலத் தொட்டதைவிட மிதமாக அழுத்தி நீவியதே நல்ல பலன் தந்தது. ரொம்ப லேசாகத் தொட்டால் பெரியவர்களுக்கே கூசுகிறதே! (இதைப் படித்துவிட்டு வீட்டில் உள்ள குறைமாதக் குழந்தையிடம் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம், அவர்கள் செய்தது மருத்துவமனையில், பழகிய கைகளால்.)

அப்புறம் இரண்டு கட்டுக்கதைகள். மசாஜ் "நச்சுகளை வெளியேற்றும்" என்று எங்கும் எழுதியிருப்பார்கள். எந்த நச்சு, எந்த வழியாக என்று கேட்டால் பதில் வராது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. உடற்பயிற்சிக்குப் பிறகு தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கும் என்பார்கள், அது யாரும் கை வைக்காமலே ஒரு மணி நேரம் போல ஆனால் தானாகக் கரைந்துவிடும். மசாஜுக்கு இந்தப் பொய்ப் புகழ் தேவையே இல்லை. வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும், பதற்றத்தைத் தணிக்கும், தூக்கம் வரவழைக்கும். அது போதாதா?

எண்ணெய் போட்டு நீவுகிற வகைகள்

ஒன்றுமே தெரியாது, முதல் முறை போகிறேன் என்றால் ஸ்வீடிஷ் மசாஜில் தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். மேலே சொன்ன ஐந்து அசைவுகளும் இதில் வரும், அதிகம் வருவது நீவலும் பிசைதலும். மேசையில் படுக்க வேண்டும், எண்ணெய் அல்லது லோஷன், அழுத்தம் மிதம். எந்தப் பகுதியில் வேலை நடக்கிறதோ அதை மட்டும் திறந்து மற்றதைத் துணியால் மூடியிருப்பார்கள். கை கால்களில் நீவும்போது நுனியிலிருந்து இதயத்தை நோக்கி வருவது வழக்கம். ஸ்டாக்ஹோமில் 1813-ல் உடற்பயிற்சிக் கல்வி நிலையம் தொடங்கிய பேர் ஹென்ரிக் லிங் என்பவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். லிங் உருவாக்கியது உடற்பயிற்சி முறை. மசாஜ் பகுதி இன்றைய உருவத்துக்கு வந்ததில் மெட்ஸ்கரின் பங்குதான் பெரிது. ஐரோப்பாவில் பல இடங்களில் இதைக் கிளாசிக் மசாஜ் என்றே சொல்கிறார்கள்.

சூடான வழவழப்பான கற்களை வைத்துச் செய்தால் ஹாட் ஸ்டோன், வாசனைத் தைலம் சேர்த்தால் அரோமாதெரபி. அடித்தளம் இதேதான். ஹவாய்த் தீவுகளின் லோமி லோமியும் எண்ணெய் வகைதான், ஆனால் அதில் உள்ளங்கையைவிட முன்னங்கை அதிகம் வேலை செய்யும், தோளில் தொடங்கி இடுப்பு வரை ஒரே இழுப்பில் அலை போல வந்து போகும்.

அப்யங்கம் ஆயுர்வேதத்தைச் சேர்ந்தது. இதில் எண்ணெய்தான் கதாநாயகன், கை அதற்குத் துணை. இளஞ்சூடான எண்ணெயை, பெரும்பாலும் மூலிகை சேர்த்துக் காய்ச்சியதை, உடம்பு முழுக்கத் தாராளமாகப் பூசி நீளநீளமாக நீவுவார்கள், மூட்டுகளில் மட்டும் வட்டமாக. பழைய ஆயுர்வேத நூல்கள் இதை நோய்க்கான சிகிச்சை என்பதோடு நிறுத்தாமல் அன்றாட ஒழுக்கங்களில் ஒன்றாகவே வைக்கின்றன, தலைக்கும் காதுக்கும் பாதத்துக்கும் கட்டாயம் செய் என்று தனியாகச் சொல்கின்றன. தசையின் ஆழத்தில் இருக்கும் பிடிப்பை எடுக்க வேண்டும் என்று போகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். வறண்ட தோல், தூக்கமின்மை, ஓய்ந்துபோன உடம்பு என்று போகிறவருக்கு அருமையாக இருக்கும். எண்ணெய்க்குப் பதிலாக மூலிகைப் பொடியை வைத்து வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால் அது உத்வர்த்தனம், மருந்து கட்டிய துணி மூட்டையைச் சூடாக்கி ஒத்தடம் போல அழுத்தினால் கிழி.

ஆழமாக அழுத்துகிற வகைகள், வலி பற்றி ஒரு பேச்சு

டீப் டிஷ்யூ என்ற பெயரைக் கேட்டதும் "பலமாக அழுத்துவது" என்று எடுத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தோள்பட்டைப் பிடிப்போடு போய், எவ்வளவு அழுத்தினாலும் தாங்குவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன், செய்தவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் தோளில் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது, பிடிப்பு முன்னைவிட இறுகியிருந்தது. பின்னால் வேறொருவரிடம் போனபோதுதான் புரிந்தது: இந்த வகையில் முக்கியம் பலம் கிடையாது, நிதானம். முன்னங்கையையோ முழங்கையையோ வைத்து, மேல் அடுக்குத் தசை இளகும்வரை காத்திருந்து, அது விட்டுக்கொடுத்த பிறகே அடுத்த அடுக்குக்கு இறங்க வேண்டும். அவசரப்பட்டு இடித்து உள்ளே போனால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள இறுக்கிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு பலம் போட்டாலும் வீண்தான்.

வலித்தால்தான் பலன் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். "ஆ, அங்கேதான், அப்படியே பிடியுங்கள்" என்று சொல்ல வைக்கிற வலி ஒன்று உண்டு, அது நல்லது. மூச்சைப் பிடித்துக்கொள்ள வைக்கிற, முகத்தைச் சுளிக்க வைக்கிற, கைவிரல்களை மடக்க வைக்கிற வலி வேறு. இரண்டாவது வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். 10-க்கு எத்தனை என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டால் 6-ஐத் தாண்ட விடாதீர்கள். இது என் கணக்கு, உங்கள் எல்லை இன்னும் கீழே இருந்தாலும் தப்பில்லை.

தசை முடிச்சு என்று சொல்கிறோமே, அழுத்தினால் உள்ளே ஒரு பட்டாணி உருள்வது போல இருக்கும் இடம், அதைக் குறிவைத்துச் செய்வது டிரிக்கர் பாயிண்ட் சிகிச்சை. இதைப் பரப்பியவர் ஜேனட் டிராவெல், அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்தவர். வலிக்கிற இடமும் வலியின் மூலமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையில் ஒரு புள்ளியை அழுத்தினால் பொட்டில் தலைவலி தெறிக்கும், தோள்பட்டை எலும்பின் பின்புறம் அழுத்தினால் தோளின் முன்பக்கம் வலிக்கும். முடிச்சு என்பது திசுவில் உண்மையில் என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் அந்தப் புள்ளியைச் சில நொடிகள் பிடித்து அழுத்தி விட்டால் பலருக்கு இதமாக இருக்கிறது என்பதை யாரும் மறுப்பதில்லை.

தசைகளைச் சுற்றி ஃபேசியா என்று ஒரு மெல்லிய உறை உண்டு, தலை முதல் கால் வரை இடைவெளியில்லாமல் ஓடுவது. உடுத்தியிருக்கும் பனியனை இடுப்பருகே ஒரு பிடி பிடித்து இழுத்துப் பாருங்கள், தோளில் போய் இறுக்கும். ஓரிடத்தில் சிக்கினால் இன்னோரிடத்தில் இழுக்கும் என்பதே இந்த உறையை மையமாக வைத்த முறைகளின் வாதம். மயோஃபேசியல் ரிலீஸ் என்பதில் எண்ணெய் மிகக் குறைவு, சில சமயம் சுத்தமாக இருக்காது. வழுக்கக் கூடாது, தோலைப் பிடித்து மெல்ல இழுத்து நிமிடக்கணக்கில் அப்படியே நிறுத்துவார்கள். உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஐடா ரால்ஃப் உருவாக்கிய ரால்ஃபிங் இதன் நெருங்கிய உறவு. அது 10 அமர்வுகள் கொண்ட ஒரு தொடர், ஒவ்வொரு அமர்வுக்கும் உடம்பின் ஒரு பகுதி, நோக்கம் நிற்கிற நடக்கிற விதத்தைச் சீராக்குவது. ஒரே ஒரு முறை போய் ஓய்வெடுத்து வரலாம் என்று நினைப்பவர்களுக்கான இடம் அதுவல்ல.

ஸ்போர்ட்ஸ் மசாஜ் தனி வகை என்பதைவிடத் தனி நோக்கம் என்று சொல்லலாம். போட்டிக்கு முன் வேகமாக, சுருக்கமாக, பின் மெதுவாக. அது ஓட்டத்தை வேகமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பயிற்சிக்கு மறுநாள், மூன்றாம் நாள் வருகிற தசைவலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

துணியோடு, தரையில்

எண்ணெய் பிடிக்காதவர்கள், உடையைக் களைய விரும்பாதவர்கள் ஆசியாவின் அழுத்த முறைகளைப் பார்க்கலாம். கூச்சம் காரணமாக மசாஜையே தவிர்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பது தெரிவதே இல்லை.

தாய்லாந்திலிருந்து வந்த தாய் மசாஜில் தரை விரிப்பில் தளர்வான உடையோடு படுப்பீர்கள். செய்பவர் உள்ளங்கை, கட்டைவிரல், முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றையும் பயன்படுத்துவார். அழுத்தம் கை பலத்திலிருந்து வராது, தன் உடல் எடையைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுப்பார். நடுநடுவே உங்கள் காலை மடக்கி, முதுகை வளைத்து, தோளை இழுத்து நீட்டுவார். மற்றவர் செய்துவிடும் யோகாசனம் என்று இதைச் சொல்வதுண்டு, அது ஓரளவு சரிதான். பாங்காக்கின் வாட் போ ஆலயத்தில் 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராமர் என்ற தாய்லாந்து மன்னர் காலத்தில், உடம்பில் ஓடுவதாகக் கருதப்படும் கோடுகளையும் அழுத்தும் இடங்களையும் கல்லில் பொறித்து வைத்தார்கள், யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி. அறிவைப் பூட்டி வைக்காமல் சுவரில் எழுதி வைத்தார்களே என்று எனக்கு அதில் ஒரு தனி மரியாதை. 2019-ல் யுனெஸ்கோ தாய் மசாஜை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மூட்டு இறுகிப்போய் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், முதுகுத் தட்டு விலகியவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஷியாட்சு ஜப்பானியச் சொல், விரல் அழுத்தம் என்று பொருள். நீவல் கிடையாது, பிசைதல் கிடையாது. கட்டைவிரலை வைத்து நேராகக் கீழே அழுத்தி, சில நொடி நிறுத்தி, எடுத்து, அடுத்த புள்ளிக்குப் போவார்கள், தாளம் தப்பாமல். டோகுஜிரோ நாமிகோஷி என்பவர் சிறுவனாக இருந்தபோது வாதநோயால் அவதிப்பட்ட தன் அம்மாவின் மூட்டுகளை அழுத்திவிட்டதில்தான் இந்த முறை தொடங்கியது என்பார்கள். 1940-ல் டோக்கியோவில் அவர் பள்ளியே தொடங்கிவிட்டார். இதற்கு முன்னோடியான அன்மா என்ற ஜப்பானிய மசாஜைப் பல தலைமுறைகளாகப் பார்வையற்றவர்கள் தொழிலாகச் செய்துவந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பார்வையிழந்த சுகியாமா வாய்ச்சி அதற்கென்று பயிற்சிப் பள்ளிகள் நிறுவினார். விரல் நுனியாலேயே பார்க்கப் பழகியவர்கள் கையில் அந்தக் கலை வளர்ந்தது என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சீனத்தின் துய்னா இன்னும் சுறுசுறுப்பானது. பெயரிலேயே தள்ளு, பிடி என்ற இரண்டு சொற்கள். மணிக்கட்டை உருட்டி உருட்டிச் செய்வார்கள், ஓய்வுக்கு என்பதைவிடக் கழுத்துவலி, முதுகுவலி என்று ஒரு குறையோடு போகிறவர்களுக்கானது. இந்த முறைகள் எல்லாம் உடம்பில் ஓடும் சக்தி வழித்தடங்களைப் பற்றிப் பேசும். அந்தத் தடங்களை உடற்கூறில் யாரும் அறுத்துக் காட்டியதில்லை. அதை நம்பாதவரும் அந்தக் கையின் சுகத்தை அனுபவிக்கலாம், தடையில்லை.

தொக்கணத்தைத் தொடக்கத்திலேயே சொன்னேன். அதன் அருகே நிற்பது வர்மம். 108 வர்மப் புள்ளிகள், அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். தட்டினால் ஆளையே சாய்க்கும் என்று சொல்லப்படும் இடங்களும் இதில் உண்டு, அவற்றையே வைத்துச் சிகிச்சையும் செய்வார்கள். இதில் ஆசான் யார், எத்தனை காலம் பயின்றார் என்று விசாரிக்காமல் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

தொடுவது போலவே தெரியாத வகைகள்

நிணநீர் வடிகால் மசாஜை முதன்முறை அனுபவிப்பவர்கள் "என்ன, ஒன்றுமே செய்யவில்லையே" என்பார்கள். நிணநீர் என்பது திசுக்களிலிருந்து வடிந்து ரத்தத்துக்குத் திரும்பும் நீர். அதன் குழாய்களின் தொடக்கம் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் ஆழமாக அழுத்தினால் காரியம் கெடும். தோலை மட்டும் மெல்ல நகர்த்தி விடுவார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி 1930-களில் உருவாக்கியது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கிப்போகிறவர்களுக்கு அழுத்தக் கட்டோடும் பயிற்சியோடும் சேர்த்து இன்றும் மருத்துவமனைகளில் இதைச் செய்கிறார்கள். எடை குறையும், முகம் மெலியும் என்று இதே பெயரில் விற்கப்படுவதை நம்ப வேண்டாம். நீர் கொஞ்சம் வடியும், கொழுப்பு போகாது.

ரிஃப்ளெக்ஸாலஜி பாதத்தில் முழு உடம்பின் வரைபடம் இருப்பதாகச் சொல்லும்: கட்டைவிரல் தலை, நடுப்பாதம் வயிறு என்று. அமெரிக்காவில் யூனிஸ் இங்கம் என்ற பெண்மணி 1930-களில் இந்த வரைபடத்தை விரிவாக வகுத்தார். பாதத்தை அழுத்தி நோயைக் கண்டுபிடிக்கலாம், சிறுநீரகத்தைச் சரிசெய்யலாம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் நாள் முழுக்க நின்ற கால்களுக்கு யாராவது அரைமணி நேரம் பிடித்துவிட்டால் எப்படி இருக்கும்? அந்த சுகத்துக்காகப் போங்கள், பரிசோதனை முடிவுகளை டாக்டரிடம் காட்டுங்கள். கிரேனியோசேக்ரல் முறையையும் இதே இடத்தில்தான் வைப்பேன். தலையையும் இடுப்பெலும்பையும் மெல்லத் தாங்கிப் பிடித்தபடி இருப்பார்கள், ஆழ்ந்த அமைதி கிடைக்கிறது என்கிறார்கள், சொல்லப்படும் மருத்துவக் காரணம் மட்டும் நிற்கவில்லை.

வாட்சு என்று ஒன்று உண்டு, உடல் சூட்டுக்கு நெருங்கிய வெந்நீரில் உங்களை மிதக்கவிட்டு, கையால் தாங்கி, மெல்ல இழுத்துச் சுழற்றுவது. ஷியாட்சு தெரிந்த ஹெரால்ட் டல் 1980-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். தண்ணீரில் எடை தெரியாது என்பதால் மூட்டுவலிக்காரர்களுக்குப் பிடிக்கும்.

கடைசியாக, மசாஜ் என்றே சொல்ல முடியாத இரண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த எஃப். எம். அலெக்சாண்டர் மேடையில் கவிதை ஒப்பிக்கும் கலைஞர், அவருக்கு அடிக்கடி குரல் கட்டிக்கொண்டது. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தபோது, வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை இறுக்குவதைக் கண்டார். அந்தப் பழக்கத்தை விடப் பழகியதிலிருந்து பிறந்தது அலெக்சாண்டர் டெக்னிக். ஆசிரியர் கை லேசாக வழிகாட்டும், உட்காருவது, எழுவது, நடப்பது எல்லாவற்றையும் நீங்கள் புதிதாகக் கற்பீர்கள். நாள்பட்ட முதுகுவலிக்கு இது உதவுகிறது என்று பிரிட்டனில் 2008-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது, 24 பாடங்கள் எடுத்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் வலி நாட்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. இயற்பியலாளரும் ஜூடோக்காரருமான மோஷே ஃபெல்டன்கிரைஸ் தன் முழங்கால் காயத்தோடு மல்லாடிக் கண்டுபிடித்த முறையும் இதே போலச் சின்னச் சின்ன அசைவுகளால் உடம்புக்கு வேறு வழி காட்டுவது. மசாஜ் செய்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, திரும்பவும் அதே வலி வருகிறது என்பவர்கள் இந்தப் பக்கம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

யார் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது

இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைக்காலில் வலியோடு இருந்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். பிடித்துவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண், புதிதாக முறிந்த எலும்பு, அண்மையில் செய்த அறுவை, இவை இருந்தால் தள்ளிப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எலும்பு பலவீனமானவர்களுக்கும் ஆழமான அழுத்தம் ஆகாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு எவ்வளவு அழுத்துகிறார்கள் என்பதே தெரியாது, அதனால் மென்மையாக மட்டும். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லி, பழகியவரிடம் ஒருக்களித்துப் படுத்துச் செய்துகொள்ளலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மசாஜ் கூடவே கூடாது என்று இல்லை, மருத்துவரைக் கேட்டு மென்மையான வகையைத் தேர்ந்தெடுக்கலாம். புடைத்த ரத்த நாளங்களின் மேல், கழுத்தின் முன்பக்கம் நாடி துடிக்கும் இடத்தில், முழங்காலின் பின்குழியில் பலமாக அழுத்த விடாதீர்கள். கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்கெடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அரிதாக, அப்படித் திருகும்போது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

படுக்கும் முன்னும் எழுந்த பின்னும்

நல்லவர் என்றால் தொடங்கும் முன்பே உங்களிடம் கேள்வி கேட்பார்: எங்கே வலி, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த இடத்தைத் தொடக் கூடாது. கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள், அதற்கும் காது கொடுக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், தயக்கமே வேண்டாம். எந்த அளவுக்கு உடையைக் களைவது என்பது முழுக்க உங்கள் முடிவு. நடுவில் "இன்னும் லேசாக", "அந்த இடம் வேண்டாம்", "போதும்" என்று சொல்வது அவமரியாதை ஆகாது, அக்கறையுள்ள கைகள் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கும். பேச விருப்பமில்லை என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே குப்புறப் படுக்காதீர்கள்.

முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம், சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். ஆழமாக அழுத்திய இடங்களில் ஒன்றிரண்டு நாள் புதிதாக உடற்பயிற்சி செய்தது போல வலி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மரத்துப்போதல், கை கால் பலமிழத்தல், சிறுநீர் அடர் பழுப்பாகப் போதல் இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். மிகக் கடுமையான அழுத்தத்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. அப்படி எதுவும் இல்லையென்றால் மூன்றாம் நாள் வரை பொறுத்து, உடம்பு எப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி வந்தது என்று பாருங்கள். அதை வைத்து அடுத்த முறை அழுத்தத்தைக் கூட்டச் சொல்வதா, குறைக்கச் சொல்வதா, வகையையே மாற்றிக்கொள்வதா என்று முடிவு செய்யலாம்.